கொடி விழும் நாளில் ஒரு கேள்வி

தமிழ்நாட்டின் கிராம சுகாதாரச் செவிலியர் சகோதரிகளுக்கு,

நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். பூக்கட்டுவது எங்கள் வீட்டுத் தொழில். எனக்குப் பத்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவள் இன்று பள்ளிக்கூடம் போய் வருவதற்கு உங்களில் ஒருவர் கேட்ட கேள்விதான் காரணம். அப்படி ஒரு கேள்வியை அதற்கு மூன்று வருடம் முன்னால் யாராவது கேட்டிருந்தால் என் மூத்த மகனும் இருந்திருக்கலாம். அந்தக் கேள்வி உங்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றுதான் இந்த மடல்.

என் மகன் 2012 ஆவணியில் பிறந்தான். சுகப்பிரசவம். மூன்று கிலோ எடை. எட்டாம் நாள் தொப்புள் கொடி விழுந்தது. தாயத்தில் அடைக்க வேண்டும் என்று என் மாமியார் அதைத் துணியில் முடிந்து வைத்தார். அன்று சாயங்காலம் தொப்புளில் ஈரம் தெரிந்தது. துடைத்துவிட்டோம். விடியும்போது அவன் இடுப்பில் சுற்றியிருந்த பழைய வேட்டித்துணி சிவப்பாக நனைந்திருந்தது. மஞ்சள் வைத்து அழுத்தினார்கள், நின்றது. மதியத்துக்கு மேல் மறுபடி வந்தது. இப்படி நிற்பதும் வருவதுமாக மூன்று நாள் போனது. சூட்டினால் வருகிறது என்றார் ஒருவர். கொடியைச் சரியாகக் கட்டவில்லை என்றார் இன்னொருவர். நான் பச்சை உடம்போடு மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே தையல் போட்டார்கள். ரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றினார்கள். கசிவு நின்றது. ரத்தம் உறைவதற்கான பரிசோதனைகள் எடுத்தார்கள். எல்லாம் நார்மல் என்று தாள் வந்தது. கிருமி பட்டிருக்கும், சரியாகிவிட்டது, கூட்டிப்போங்கள் என்றார்கள். நார்மல் என்ற அந்தச் சொல்லைச் சாமி பிரசாதம் மாதிரி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

பத்தாவது வாரத் தடுப்பூசி போட்ட தொடை கல் மாதிரி வீங்கி, நீலம் பாரித்து, ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. ஊசி போட்டால் வீங்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டோம். நாலாம் மாதம், மார்கழிக் குளிரில் ஒரு காலை, அவன் பால் குடிக்க மறுத்தான். இரண்டு முறை வாந்தி எடுத்தான். உச்சிக்குழி புடைத்து நின்றது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் கைகால் வெட்டி இழுத்தது. ஸ்கேனில் மூளைக்குள் ரத்தம் என்று வந்தது. "எங்கேயிருந்து விழுந்தான்? யார் கையிலிருந்து தவறினான்?" என்று மாறி மாறிக் கேட்டார்கள். அவன் விழவே இல்லை. யாரும் நம்பவில்லை. இரண்டாம் நாள் அவனைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

2015இல் மகள் பிறந்தாள். அவளுக்கும் ஒன்பதாம் நாள் தொப்புளில் ரத்தம் வந்தது. என் மாமியார் பயத்தில் கதவைச் சாத்திவிட்டார். வெளியே தெரிந்தால் இந்த வீட்டுக்கு ஏதோ தோஷம் என்று பேசுவார்கள் என்ற பயம். அன்றுதான் எங்கள் ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த செவிலியர் பேறுகாலத்துக்குப் பிந்தைய வீட்டுப் பார்வைக்கு வந்தார். குழந்தையின் துணியை விலக்கிப் பார்த்தார். தாய் சேய் அட்டையைத் திருப்பி, முதல் குழந்தை இறப்பு என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார்.

"அக்கா, மூத்தவனுக்கும் இதே இடத்துலதான் ரத்தம் வந்துச்சா?"

ஆமாம் என்றேன்.

"உங்க வீட்டுக்காரர் சொந்தமா?"

"அத்தை மகன்."

அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினார்: மூத்த குழந்தைக்குத் தொப்புளில் ரத்தக்கசிவு, தடுப்பூசி போட்ட இடத்தில் ரத்தக்கட்டு, நாலாம் மாதம் மூளையில் ரத்தக்கசிவு, இறப்பு, பெற்றோர் ரத்த உறவு, இந்தக் குழந்தைக்கும் அதே கசிவு. ஐந்தாறு வரிதான். என்னோடு வண்டியில் ஏறி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தார். அந்தத் தாளை முதலில் வாங்கிப் படித்த இளம் டாக்டர், பிளாஸ்மா பையைத் தொங்கவிடப்போன கையை நிறுத்தினார். "முதல்ல சாம்பிள் எடுங்க, அப்புறம் ஏத்தலாம்" என்றார். என் மகளின் உயிர் அந்த ஒரு வார்த்தையில் தப்பியது. ஏன் என்று புரிய, இந்த நோயைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். பூக்கட்டும்போது நாரைச் சுற்றி, பூவை வைத்து, முடிச்சை இழுத்து இறுக்குவோம். நாரைச் சுற்றிவிட்டு முடிச்சை மட்டும் இறுக்காமல் விட்டால், பார்க்கிறவர் கண்ணுக்கு அது முழுச் சரம்தான். தலையில் வைத்துக்கொண்டு நாலு தெரு நடந்தால் பூ ஒவ்வொன்றாக உதிரும். காயம் பட்டதும் உடம்பு செய்வதும் இப்படி ஒரு கட்டுதான். முதலில் பிளேட்லெட் அணுக்கள் ஓடிவந்து ஓட்டையை அடைக்கின்றன. பிறகு பாக்டர் என்று சொல்கிற ரத்த உறைபுரதங்கள் ஒன்றை ஒன்று தட்டி எழுப்பி, கடைசியில் ஃபைப்ரின் என்ற நாரை உண்டாக்கி வலை பின்னுகின்றன. அந்த வலையின் இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்த்து இறுக்குவது பதின்மூன்றாம் பாக்டர், வரிசையில் கடைசி எண். என் பிள்ளைகளுக்கு அது இல்லை. அதனால் காயம் பட்டால் ரத்தம் எல்லோருக்கும் போலவே உறையும். நின்றுவிட்டது என்று நாம் மூச்சு விடுவோம். சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ அந்தக் கட்டு தளர்ந்து மறுபடி கசியும். என் மகனின் தொப்புளில் ரத்தம் நின்று நின்று வந்தது அதனால்தான்.

ஹீமோபிலியா பற்றி உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அது எட்டாம் பாக்டரோ ஒன்பதாம் பாக்டரோ குறைந்து வருவது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வரும். எட்டாம் பாக்டர் குறைவு ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கிறது. பதின்மூன்றாம் பாக்டர் குறைவோ உலக அளவில் ஏறத்தாழ 20 லட்சம் பேரில் ஒருவருக்குத்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக வரும். ஹீமோபிலியாக் குழந்தைக்குத் தொப்புளில் ரத்தம் வருவது அபூர்வம். தவழ்ந்து, நடந்து, முழங்கால் வீங்கும்போதுதான் பெரும்பாலும் வெளிப்படும். பதின்மூன்று குறைந்த குழந்தைகளில் ஏறத்தாழ 100க்கு 80 பேருக்குத் தொப்புள் கொடி விழும் நேரத்திலேயே ரத்தம் கசிகிறது. பின்னால் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகள் வரை மூளைக்குள் ரத்தக்கசிவு வரும் ஆபத்தில் இருக்கிறார்கள். அதற்கு விழ வேண்டும் என்றுகூட இல்லை.

சகோதரிகளே, இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உயிரை எடுக்கும் கசிவு மூளையில் வருவதற்கு முன்னால், பெரும்பாலான குழந்தைகளில் நோய் தொப்புளில் தன்னைக் காட்டிவிடுகிறது. அது காட்டும் நாட்களில் குழந்தை ஆஸ்பத்திரியில் இல்லை. பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கும். டாக்டர் கண்ணில் அது படாது. அந்த நாளில் அந்தக் குழந்தையின் துணியை விலக்கிப் பார்க்கிற படித்த கண் உங்களுடையது மட்டும்தான்.

அப்படியானால் என் மகனுக்கு எடுத்த பரிசோதனை ஏன் நார்மல் என்று வந்தது? பிளேட்லெட் எண்ணிக்கை, ரத்தம் கசியும் நேரம், பி.டி., ஏ.பி.டி.டி. ஆகியவைதான் வழக்கமாக எடுப்பவை. இவை ரத்தம் உறைகிறதா, எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்கும். உறைந்தது நிலைக்கிறதா என்று பார்க்காது. முடிச்சு இறுகியதா என்று கேட்காமல் சரம் நீளமாக இருக்கிறதா என்று மட்டும் அளந்த மாதிரி. பதின்மூன்று அடியோடு இல்லாத குழந்தைக்கும் இந்த நான்கும் சரியாகவே வரும். தாளில் பொய் இல்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காத தாள் அது.

கேட்கிற பரிசோதனை வேறு ஒன்று இருக்கிறது. அதில் பெரிய மெஷின் எதுவும் கிடையாது. குழந்தையின் ரத்தத் திரவத்தை உறைய வைத்து, அந்தக் கட்டியை யூரியாக் கரைசலில் போட்டு வைப்பார்கள். நாங்கள் மல்லிகைக் காட்டுக்கு இடுகிற யூரியா இருக்கிறதே, அதே பொருள்தான். மற்றவர்களின் ரத்தக்கட்டி ஒரு நாள் முழுக்கக் கிடந்தாலும் கரையாது. பதின்மூன்று இல்லாத கட்டி சில மணி நேரத்தில் கரைந்து காணாமல் போகும். 1948இல் லாக்கி, லோராண்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், ரத்தக்கட்டி யூரியாவில் கரையாமல் காப்பதற்கு ரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்று கண்டு சொன்னார்கள். 1960இல் சுவிட்சர்லாந்தில் டுக்கெர்ட்டும் அவரோடு இருந்தவர்களும் ஒரு சிறுவனிடம் அந்தப் பொருள் இல்லாததைக் கண்டார்கள். காரணம் தெரிந்த முதல் குழந்தை அவன்தான். என் மகன் பிறப்பதற்கு 52 வருடம் முன்பே இது தெரிந்துவிட்டது. அந்தத் தெரிந்த விஷயம் எங்கள் ஊருக்கு வரும் வழி இல்லாமல் இருந்தது.

என் மகளின் ரத்தக்கட்டி போட்ட குழாயை மறுநாள் காலை அந்த டாக்டர் எடுத்துக் காட்டினார். உள்ளே கட்டி இல்லை. வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்தது. மூன்று வருடமாக ஊரும் வீடும் என்மேல் வைத்திருந்த பழி அந்தக் குழாயில் கரைந்து கிடந்ததைப் பார்த்த அழுகை அது.

சாம்பிளை முதலில் எடுக்கச் சொன்னதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏற்றும் ரத்தத்திலும் பிளாஸ்மாவிலும் கொடுத்தவரின் பதின்மூன்று இருக்கிறது. அது உடம்பில் நெடுநாள் தங்கும். பாதியாகக் குறையவே ஒன்பது முதல் பதினான்கு நாள் வரை ஆகும். அதனால் ஏற்றிய பிறகு பரிசோதித்தால், வாரக்கணக்கில், நோய் இல்லை என்றே காட்டும். என் மகனுக்கு ஏற்றிய பிளாஸ்மாதான் அவனை ஒரு மாதத்துக்கு மேல் காப்பாற்றி வைத்திருந்தது. அதுவே நோயை மறைத்தும் வைத்தது. அது வடிந்தபோது தொடை வீங்கியது, பிறகு தலைக்குள் கசிந்தது. ரத்தம் ஏற்றுவதை யாரும் தள்ளிப்போட வேண்டியதில்லை. உயிருக்கு அவசரம் என்றால் ஏற்றத்தான் வேண்டும். அதற்கு முன்னால் ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைக்க இரண்டு நிமிடம் போதும்.

இப்போது நல்ல செய்திக்கு வருகிறேன். உடம்பில் நெடுநாள் தங்குவதால் இந்தப் புரதத்தைத் தினமும் ஏற்ற வேண்டியதில்லை. நாலு வாரத்துக்கு ஒரு முறை போதும். கொஞ்சம் இருந்தாலே பெரிய கசிவுகளைத் தடுத்துவிடும். முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதும் இல்லை. வெளிநாடுகளில் இதற்கென்றே செறிவூட்டிய மருந்து இருக்கிறது. அமெரிக்காவில் 2011இல் அனுமதி கிடைத்தது. எங்களைப் போன்றவர்களுக்குக் கைகொடுப்பது கிரையோ. உறைய வைத்த பிளாஸ்மாவைக் குளிரிலேயே மெதுவாக இளக்கினால் அடியில் கெட்டியாக ஒரு பகுதி தங்கும். அதைப் பிரித்து எடுப்பதுதான் கிரையோ. அமெரிக்காவில் ஜூடித் பூல் என்ற பெண் விஞ்ஞானி 1964இல் எட்டாம் பாக்டருக்காகக் கண்டுபிடித்துச் சொன்ன முறை இது. அந்தக் கெட்டியில் பதின்மூன்றும் சேர்ந்தே வருகிறது. கையளவுப் பை, இளமஞ்சள் நிறம். ரத்தக் கூறுகளைப் பிரிக்கும் வசதியுள்ள ரத்த வங்கிகளில் தயாரிக்கிறார்கள்.

நாலு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, விடிகாலை மார்க்கெட்டுக்குப் பூ போட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். பையை இளக்கி, ஊசி போட்டு, ஏற்றி முடிக்க மதியம் ஆகும். கணக்குப் பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். பத்து வருடத்தில் நான் ஒரு முறைகூடத் தவறவிட்டதில்லை. மகளுக்கு மூளையில் ரத்தக்கசிவு வந்ததே இல்லை. முகம் தெரியாத எத்தனையோ பேர் கொடுத்த ரத்தம் அவளுக்குள் போயிருக்கிறது. ரத்ததான முகாமுக்கு ஆள் சேர்க்கும்போது அவளைப் போன்ற பிள்ளைகளைப் பற்றியும் சொல்லுங்கள்.

இனி உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

கொடி விழும்போது ஒன்றிரண்டு சொட்டு ரத்தம் வருவது சகஜம். தாயைப் பயமுறுத்த வேண்டாம். துணி நனையும் அளவு வந்தாலோ, நின்ற பிறகு மறுபடி வந்தாலோ அது சகஜம் இல்லை. அங்கே நாலு கேள்வி கேளுங்கள். முன்பு பிறந்த பிள்ளைக்கு இப்படி வந்ததா? குழந்தைப் பருவத்தில் யாராவது இறந்திருக்கிறார்களா, எப்படி? தாயும் தகப்பனும் சொந்தமா? பிறந்ததும் விட்டமின் கே ஊசி போட்டார்களா? கடைசிக் கேள்வி ஏன் என்றால், அந்த ஊசி விட்டுப்போன குழந்தைக்கும் தொப்புளில் ரத்தம் வரலாம். ஆனால் அதில் பி.டி. பரிசோதனை மாறிக் காட்டும், ஊசி போட்டால் சரியாகும். ஊசி போட்டும் கசிகிறது, பரிசோதனைகளும் நார்மல் என்றால், அங்கே பதின்மூன்றை நினையுங்கள்.

கேட்டதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். இதைத்தான் நான் மிகவும் வேண்டிக் கேட்கிறேன். தாயால் சொல்ல முடியாது. கூட்டத்தில் டாக்டர் முன்னால் நின்றால் எனக்கு என் பெயரே மறந்துபோகும். உங்கள் கையெழுத்தில் ஐந்து வரி இருந்தால் அது பேசும். அதில் கடைசி வரியாக இதை எழுதுங்கள்: ரத்தப் பொருள் எதுவும் ஏற்றுமுன் சாம்பிள் எடுத்து, பதின்மூன்றாம் பாக்டர் பரிசோதனை செய்யவும். டாக்டருக்கே சொல்லிக்கொடுப்பதா என்று தயங்காதீர்கள். தன் பணிக்காலம் முழுவதும் இந்த நோயை ஒரு முறைகூடப் பார்க்காத டாக்டர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். நினைவுபடுத்தியதற்கு நல்ல டாக்டர் நன்றிதான் சொல்வார்.

தடுப்பூசி நாளில் போன தடவை ஊசி போட்ட தொடையைப் பாருங்கள். லேசான வீக்கமும் காய்ச்சலும் வரும், போகும். கல்லாக இறுகி நீலம் பாரித்து நாள்கணக்கில் நிற்பது ரத்தக்கட்டாக இருக்கலாம். நோய் உறுதியான குழந்தைக்குத் தடுப்பூசியை நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் கேட்டு, மெல்லிய ஊசியில் போட்டு, தேய்க்காமல் குறைந்தது ஐந்து நிமிடமாவது அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். வலிக்கும் காய்ச்சலுக்கும் ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ கொடுக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். தலையில் அடிபட்டால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், அன்றே ஆஸ்பத்திரி.

இன்னும் இரண்டு இடங்களிலும் இந்த நோய் உங்கள் கண்ணில் படலாம். திரும்பத் திரும்பக் கருக்கலைகிற பெண்களில் சிலருக்குப் பதின்மூன்று குறைந்திருக்கும். கரு கருப்பையில் பற்றி நிற்க அந்தப் புரதம் வேண்டும். வயதுக்கு வந்த பெண்ணுக்கு மாதவிடாய் நிற்காமல் போகும்போதும் ரத்தம் உறைவதில் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் மகள் இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் அந்த வயதுக்கு வந்துவிடுவாள். சீர் செய்ய என் தம்பி இப்போதே பணம் சேர்க்கிறான். நான் கிரையோ நாளையும் அந்த நாட்களையும் எப்படிப் பொருத்துவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சொந்தத்தில் கல்யாணம் பற்றியும் பேசியாக வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 28 பேர் ரத்த உறவில் மணந்தவர்கள். பதின்மூன்றுக் குறைவு வர, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு பிள்ளைக்கு வந்து சேர வேண்டும். எனக்கும் என் கணவருக்கும் ஒவ்வொன்று இருக்கிறது. நல்லது ஒன்றும் கூடவே இருப்பதால் எங்களுக்கு நோய் இல்லை. இருவருக்கும் பொதுவான பாட்டன் பாட்டியில் ஒருவரிடமிருந்து அது வந்திருக்கும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதே, இனி வராது என்பது கணக்கு அல்ல. ஒவ்வொரு முறையும் அதே நாலில் ஒன்று. சொந்தம் அல்லாதவர்களுக்கும் இது வரலாம், அபூர்வமாக.

இதை நீங்கள் வீடுகளில் சொல்லும்போது ஒன்றை மனதில் வையுங்கள். நடந்துமுடிந்த கல்யாணத்தைக் குற்றம் சொன்னால் அடுத்த முறை கதவு திறக்காது. என் மாமியார் என் அப்பாவின் கூடப்பிறந்தவர். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று ஆசைப்பட்டுத்தான் என்னை மருமகளாக எடுத்தார். முதல் பிள்ளை போனபோது என் பாலைக் குறை சொன்னவரும் அவர்தான். நோயின் கதை தெரிந்த அன்று என் காலடியில் உட்கார்ந்து அழுதவரும் அவர்தான். பழி யார்மேலும் இல்லை என்பதை முதலில் சொல்லுங்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் இதில் சமபங்கு என்பதைக் கணவரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். பிறகு, இனி கல்யாணம் பேசுகிறவர்களிடம், அந்த வம்சத்தில் இப்படி இறந்த குழந்தை உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். நோய் தெரிந்த குடும்பத்தில் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே கருவைப் பரிசோதிக்கும் வழி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். வேலூர் சி.எம்.சி.யின் ரத்தவியல் துறை போன்ற இடங்களில் இந்த அபூர்வ நோய்களைப் பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

உங்களால் மட்டும் ஆகாத விஷயமும் ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோபிலியாவைச் சேர்த்துக்கொண்டது பெரிய உதவி. ஆனால் அந்தச் சட்டம் ஹீமோபிலியாவை விளக்கும்போது, வழக்கமாக ஆண்களுக்கு மட்டும் வருவது, பெண்கள் வழியாக மகன்களுக்குப் போவது என்று சொல்கிறது. என் மகள் அந்த வரிக்குள் அடங்கமாட்டாள். அவளைப் போல் ஐந்து, ஏழு, பத்து, பதின்மூன்று என்று வேறு பாக்டர்கள் குறைந்த பிள்ளைகளும், பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருந்தும் அவை ஒட்டாத கிளான்ஸ்மன் நோய்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எண்ணிக்கை குறைவு என்பதால் எங்கள் குரல் கோட்டைக்குக் கேட்பதில்லை. உங்கள் பதிவேட்டில் இந்தப் பிள்ளைகளின் நோய் சரியான பெயரோடு ஏறினால்தான் எத்தனை பேர் என்ற கணக்காவது வரும். காரணம் தெரியாத சிசு இறப்பு என்று எழுத நேரும்போது, தொப்புளில் ரத்தம் வந்ததா என்று ஒரு முறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். ஐயாயிரம் பேருக்கு ஒருவர். கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, கணினியில் ஏற்றும் கணக்கு, வெயில், நாய், பஸ் இல்லாத ஊர். இருபது லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோயை நான் எங்கே பார்க்கப்போகிறேன் என்று உங்களுக்குத் தோன்றினால் அதில் தப்பு இல்லை. எங்கள் ஊர் செவிலியருக்கும் நோயின் பெயர் தெரியாது. பின்னால் நான் கேட்டபோது அவரே சொன்னார்: "எனக்குப் பேரெல்லாம் தெரியாதுக்கா. ரெண்டு பிள்ளைக்கும் ஒரே இடத்துல ரத்தம் வந்தா அது சும்மா இருக்காதுன்னு மட்டும் தோணுச்சு." அவரிடம் இருந்தது அந்த எண்ணமும் ஒரு வெள்ளைத் தாளும் ஒரு பேனாவும்தான்.

என் மகனின் தொப்புள் கொடி அடைத்த தாயத்து இன்னும் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. அதைக் கட்ட அவன் இடுப்பு இல்லை.

சகோதரிகளே, நாளைக்கு நீங்கள் ஏதோ ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவீர்கள். பச்சைக் குழந்தை ஒன்று துணிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். எல்லாம் நல்லா இருக்கு என்று வீட்டில் சொல்வார்கள். சொன்னாலும் அந்தத் துணியை விலக்கித் தொப்புளைப் பாருங்கள். ஈரம் இருந்தால், மூத்த பிள்ளைக்கும் இப்படி வந்ததா என்று கேளுங்கள். பதிலை எழுதி அந்தத் தாயின் கையில் கொடுங்கள்.


நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தாய்